அய்சின் வோட்டர் பம்ப்: கொரோலா 121, ஆக்ஸியோ வைத்திருப்பவர்கள் எப்போது வாங்க வேண்டும்?

ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டினால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவத்தைச் சுழற்றும் வோட்டர் பம்பை மாற்றிவிட வேண்டும் என்று திருகோணமலையில் பல மெக்கானிக் பாஸ்மார் சொல்வார்கள். பழைய ஹொண்டா சிவிக் போன்ற, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினுக்கு அது சரி. அங்கே பம்பைச் சுற்றுவதே ரைமிங் பெல்ற்தான். பம்ப் இறுகினால் பெல்ற் பல் தாவும், வால்வு வளையும். பெல்ற் மாற்றும்போது எப்படியும் எல்லாம் கழன்றிருக்கும், பம்புக்கென்று தனிக்கூலி அதிகம் வராது.

கொரோலா 121, ஆக்ஸியோ 141 இரண்டிலும் உள்ள 1என்இசட் எஞ்சின் ரைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயினில் ஓடுவது. பம்ப் வெளியே, பேன் பெல்ற்றில் இருக்கிறது. மீற்றரை மட்டும் பார்த்து நல்ல பம்பைக் கழற்றுவது வீண்செலவு.

பார்க்க வேண்டியது பம்பின் அடியில் இருக்கும் சிறு கசிவுத் துளையை. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ற் அந்த வழியாகத்தான் வரும். துளையைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த ஒரு பொருக்கு இருந்தால் துடைத்துவிட்டு ஓடுங்கள், பயமில்லை. துடைத்த இடத்தில் கோடாக வழிந்தாலோ றிசேர்வ் ராங்கில் மட்டம் இறங்கினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேன் பெல்ற் மாற்றும் நாளில் பம்பின் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆட்டமோ, சுற்றும்போது கரகரப்போ இருந்தால் பெயாரிங் முடிந்தது. கொழும்புக்கு அடிக்கடி ஓடுபவர்கள் இந்த நிலையில் தள்ளிப்போடக் கூடாது. பம்ப் இறுகிப் பெல்ற் அறுந்தால், அதே பெல்ற்றில் ஓடிப் பற்றறியைச் சார்ஜ் செய்யும் அல்ரனேற்றரும் நின்றுவிடும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், இரவில், யானை கடக்கும் வீதியில் பொனற்றைத் திறந்து நிற்க யாருக்கு விருப்பம்?

இனிச் சாமான். அய்சின் டொயோட்டாவுக்கே பம்ப் செய்து கொடுக்கும் நிறுவனம், அதனால் பொருத்தத்தில் குறை சொல்ல இடமில்லை. கஸ்கெற் பெட்டிக்குள்ளேயே வரும். அதன்மேல் சிலிக்கன் பூச விடாதீர்கள், பிதுங்கும் துண்டு றேடியேற்றர் குழாய்களை அடைக்கும். போல்ற்றெல்லாம் 10 நம்பர் சாவி, இறுக்கம் 11 நியூட்டன் மீற்றர் அளவே. அலுமினிய மரையை நெம்பி முறுக்கினால் பம்பின் விலையைவிட மரை போடும் செலவு பெரிதாகும். புதுப் பம்பில் முதல் ஓட்டத்தில் ஓரிரு துளி வரலாம், சீல் படியும்வரைதான். பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், போலிகள் உண்டு. வார்ப்பு ஓரம் கரடாக இருந்தால் அல்லது புல்லி தடங்கித் தடங்கிச் சுற்றினால் திருப்பிக் கொடுங்கள். ஜப்பான் பழைய பம்ப் மலிவுதான், ஆனால் அதன் சீலின் வயது யாருக்கும் தெரியாது.

எந்தப் பம்பையும் கொல்வது தண்ணீர். கடலோரக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு சீலையும், கூலன்றைத் தள்ளும் உள் விசிறியான இம்பெல்லரையும் அரிக்கும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற் கலந்தே வருகிறது, தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. சுமார் 5 லீற்றர் பிடிக்கும். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, றேடியேற்றர் மூடியைத் திறந்தபடி குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்து காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலையில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அக்வா, 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் அல்லது அதற்குப் பிந்திய பிரியஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியைத் தேட வேண்டாம். அவற்றில் இருப்பது மின்சாரப் பம்ப். அதைப் பெல்ற்றோ புல்லியோ சுற்றுவதில்லை.