தொங்கும் பாதத்துக்கு எது: மின்தூண்டலா, கணுக்கால் தாங்கியா?

பாரிசவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. லயத்துப் படியில் விரல் தட்டி இரண்டு தரம் விழுந்தார். பதறிப்போன தம்பி கொழும்பிலிருந்து ஒரு கரண்ட் மெஷின் வாங்கி வந்தான். பிரித்துப் பார்த்தால் டென்ஸ்.

டென்ஸ் வலிக்கானது. உணர்வு நரம்புகளைத் தூண்டி வலியைத் தணிக்கப் பார்க்கும், அவ்வளவுதான். பாதத்தைத் தூக்கும் என்று நம்பி யாரும் அதில் காசைப் போடாதீர்கள்.

தசையைச் சுருங்க வைப்பது வேறு வகை. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பு முனையை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அதன்மேல் கருவியின் பட்டையை ஒட்டி விநாடிக்கு 20 முதல் 50 மின்துடிப்பு கொடுத்தால் பாதம் மேலே எழும்பும். குதிகால் தரையை விட்டதும் துடிப்பு வருமாறு நடையோடு இணைத்தால் அது செயல்பாட்டு மின்தூண்டல். 1961லேயே லிபர்சன் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் நரம்பு நன்றாக இருக்க வேண்டும். பாதிப்பு மூளையில் என்றால் சரி. போலியோவில் தளர்ந்த காலுக்கு உதவாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பிளாஸ்டிக் தாங்கி பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும். பேட்டரி வேண்டாம், மழைக்கும் பயமில்லை. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 197 பேரை 30 வாரம் கவனித்தார்கள். மின்தூண்டல் பாவித்தவர்கள், தாங்கி போட்டவர்கள் இரு சாராருக்கும் நடைவேகம் கூடியது, பெரிய வித்தியாசம் இல்லை. பாவித்தவர்களுக்குத் திருப்தி மட்டும் மின்தூண்டலில் அதிகம்.

ஆனால் அந்த வேகத்தை அளப்பது சமதரையில். ஹட்டன் பக்கத்து மலைப்பாதை அப்படியா? ஏற்றத்தில் பலர் முன்பாதத்தை ஊன்றியே ஏறுவார்கள். குதிகாலுக்கு அடியில் சுவிட்ச் இருக்கும் கருவி அங்கே தடுமாறும். விறைப்பான தாங்கியும் லேசில்லை: இறங்கும்போது கணுக்கால் மடங்காமல் முழங்காலை முன்னே தள்ளும். கீல் வைத்தது கொஞ்சம் இலகு. அதனால் எங்களைப்போல் படியும் சரிவுமாக வாழ்கிறவர்கள் முதலில் கீல் தாங்கிக்குச் செலவழிப்பதுதான் நல்லது என்பேன். மின்தூண்டலை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபியோடு செய்யலாம். துடிப்பு வரும்போது நோயாளியும் சேர்ந்து பாதத்தைத் தூக்க முயல வேண்டும், சும்மா படுத்திருக்கக் கூடாது.

அம்மா இப்போது தாங்கியோடு பீலிக்கரைவரை போய் வருகிறார். மாலையில் கழற்றியதும் கணுக்கால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உணர்வு குறைந்த கால், புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது.