தூத்துக்குடில கார் எடுத்து ஊர் சுத்திப் பாக்கப் போறீங்களா?

தூத்துக்குடில டிராவல்ஸ் கார் எடுத்து ஊரைச் சுத்திப் பாக்கலாம்னு நினைக்கிறவங்க மொதல்ல ஒரே ஒரு விஷயத்த கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, கிலோமீட்டர் எங்கருந்து எண்ணுவீங்கன்னு. எங்க சொந்த ஊரே இதுதான், இப்ப இருக்கறது சிட்னில. நாங்க அங்க இருந்தே வாட்ஸப்ல பேசி, எந்தெந்த எடம்னு வரிசையா டைப் பண்ணி அனுப்பி, அவங்களும் "ஓகே மேடம், எல்லாம் கவர் பண்ணிரலாம்"னு பதில் போட்டு, அட்வான்ஸும் வாங்கிக்கிட்டாங்க. மாதா கோவில், டச்சு சர்ச், பழைய துறைமுகம், உப்பளம், மத்தியானத்துக்கு மேல மணப்பாடுங்கற கடலோர ஊர். இவ்வளவுதான் லிஸ்ட்டு. காலைல வண்டி பெரியம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போதே 14 கிலோமீட்டர் ஓடிப்போச்சுன்னு சொல்றாங்க. என்னன்னு கேட்டா "ஷெட்ல இருந்து ஷெட் வரைக்கும் கணக்குக்கா". ஷெட் எங்க இருக்குன்னா ஊருக்கு வெளிய எங்கயோ. பேக்கேஜ் 8 மணி நேரம் 80 கிலோமீட்டர். மணப்பாடு போய்ட்டு வரவே கிட்டத்தட்ட 120 ஆகும்னு தூத்துக்குடில வண்டி வச்சு தொழில் பண்றவங்களுக்குத் தெரியாதா? லிஸ்ட்ட பாத்துட்டுதான பேக்கேஜ் ரேட்டு சொன்னாங்க?

சரி, காசு போனா போகுதுன்னு ஏறியாச்சு. மாதா கோவில், பீச் ரோடு எல்லாம் பிரச்சனை இல்லாம போச்சு, அத அப்புறம் சொல்றேன். உப்பளத்துக்குப் போகணும்னு சொன்ன உடனேதான் டிரைவர் தம்பி தயங்க ஆரம்பிச்சாரு. திருச்செந்தூர் ரோட்டுல முள்ளக்காடு தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா வெள்ளையா தெரியுது, பொண்ணு ஜன்னல்ல மூஞ்ச ஒட்டிக்கிட்டு பாக்குறா, "இங்க எறக்குங்க தம்பி"ன்னா, "அக்கா, உள்ள மண் ரோட்டுல எறக்க மாட்டேன்க்கா, உப்புத்தண்ணி பட்டா அடில துரு ஏறிரும், ஓனர் என் சம்பளத்துல புடிச்சிருவாரு"ங்கறாரு. அந்தப் பையன் மேல எனக்கு ஒரு துளி கோவம் கிடையாது. உள்ள போக வேண்டாம், ரோட்டோரமாவது நிறுத்துங்க, நாங்க நடந்து போய்க்கறோம்னா, அதுக்கும் ஓனர்ட்ட கேக்கணுமாம். போன் போட்டு ஸ்பீக்கர்ல குடுத்தாரு. அந்தப் பக்கத்துல இருந்து வந்த பதில்தான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல. "மேடம், உப்பளம்லாம் டூரிஸ்ட் ஸ்பாட் கெடையாது மேடம், அங்க என்ன இருக்கு பாக்குறதுக்கு? பிள்ளைய வச்சிருக்கீங்க, அதுக்குப் பதிலா பார்க் ஒன்னு இருக்கு, ஏசி மாலும் இருக்கு, தம்பிய அங்க விடச் சொல்றேன்".

என்ன இருக்கா? குஜராத்துக்கு அடுத்தபடியா இந்தியாவுல அதிகமா உப்பு வெளையறது தமிழ்நாட்டுல, அதுலயும் பெரும்பங்கு இந்த மாவட்டத்துல. எங்க தாத்தா உப்பளத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. விடியறதுக்கு முன்னாடி சைக்கிள் ஹேண்டில்ல தூக்குச்சட்டிய மாட்டிக்கிட்டு கெளம்புவாரு, வெயில் ஏறி வீட்டுக்கு வரும்போது கால் வெரல் இடுக்குல உப்பு பூத்திருக்கும், பாட்டி நல்ல தண்ணி ஊத்திக் கழுவி விடுவாங்க. இந்த ஊர்ல பாதி வீடு அந்த உப்புலதான் எழும்புச்சு. ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல கார் ஓட்டிப் போய் ஹட் லகூன்னு ஒரு ரோஸ் கலர் உப்பு ஏரிய பாத்துட்டு வர்றாங்க, பறந்துபோய் மேல இருந்து பாக்குறதுக்கு குட்டி பிளைட் கூட இருக்கு. இங்க பஸ் ஸ்டாண்டுல இருந்து கொஞ்ச நேரத்துல போற தூரத்துல கண்ணுக்கெட்டின மட்டும் உப்பு, அத காட்டுறதுக்கு காசு வாங்கின ஆளே ஒன்னும் இல்லங்கறாரு. காசு வாங்கினதுல வந்த கோவம் இல்ல இது, ஊரையே மட்டம் தட்டின மாதிரி இருந்துச்சு எனக்கு.

கடைசில உப்பளத்துல நிக்காமலேயே மணப்பாடு போனோம். அங்க நிம்மதியா இருக்க விட்டாங்களான்னா அதுவும் இல்ல. மணல் மேட்டு மேல 1581ல கட்டின திருச்சிலுவைக் கோவில், கீழ கடலோரத்துல புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கின குகை, அலை அடிக்கிற தூரத்துலயே உப்பு கரிக்காத கிணறு. சாயங்காலம் அந்த மேட்டுல நின்னா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவுல ஊரே மாதா கோவில் கோபுரமும் பழைய பெரிய வீடுகளுமா தெரியும். பொழுது எறங்கறத பாக்கலாம்னு நின்னா கீழ இருந்து ஹாரன். "8 மணி நேரம் முடியப் போவுதுக்கா, அப்புறம் மணிக்கணக்கு தனியா போடுவாங்க". நிறுத்தி வச்சா ஏசி கெடையாது, வண்டிக்குள்ள பெரியவங்களும் உக்கார முடியல, மேட்ட விட்டு எறங்கி வந்துட்டோம். வர்ற வழில குலசேகரன்பட்டினம், அங்கதான் 2024ல ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க, பையன் அத பாக்கணும்னு ஆசைப்பட்டான், வாயத் தொறக்காதடான்னு சொல்லிட்டேன்.

பில்லு விஷயம் கேட்டா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். எக்ஸ்ட்ரா கிலோமீட்டர், எக்ஸ்ட்ரா மணி நேரம், டிரைவர் பேட்டா, ஷெட்டுக்குத் திரும்பிப் போற தூரம், எல்லாம் சேத்து பேசினதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வாட்ஸப்ல அவங்க போட்ட மெசேஜ அவங்களுக்கே திருப்பி அனுப்பினா "அது ஆபீஸ் பையன் போட்டது மேடம்"ங்கறாங்க. சிட்னில டாக்ஸில ஏறினா மீட்டர் நான் ஏறினதுக்கு அப்புறம்தான் ஓடும், மேல போட்டா ரசீத வச்சு கம்ப்ளெயின்ட் பண்ணலாம். இங்க வாசல்ல நின்னு அரை மணி நேரம் பேசினேன், தெருவே வேடிக்கை பாத்துச்சு. டிரைவர் தம்பி பாவம், ராத்திரி சாப்பாடு கூட இல்லாம நின்னாரு, அவருக்குத் தனியா குடுத்து அனுப்பினோம்.

பெரியம்மா எல்லாத்தையும் திண்ணைல இருந்து கேட்டுட்டு கடைசியா சொன்னாங்க, "ஏளா, உப்பளத்துக்குப் போறதுக்கா காரு? டவுன் பஸ்ல ஏறுனா முள்ளக்காட்டுல எறக்கி விட்டுட்டுப் போறான்".

மறுநாள் வெயிலுக்கு முன்னாடியே கெளம்பி பழைய பஸ் ஸ்டாண்டுல போய் நின்னோம். நான் படிக்கிற காலத்துல இந்த டவுன் பஸ்ல தொங்காத நாளே கெடையாது, சில்லறை இல்லன்னா கண்டக்டர் கிட்ட என்ன வாங்கிக் கட்டிக்கிட்டோம்னு உங்களுக்கே தெரியும். அந்த பயத்துல அம்பது ரூவாய முன்கூட்டியே கைல வச்சுக்கிட்டு நீட்டுறேன், கண்டக்டர் அண்ணாச்சி வாங்கவே இல்ல. "லேடீஸுக்கு காசு கெடையாதுக்கா"ன்னு எனக்கும் பொண்ணுக்கும் பெரியம்மாவுக்கும் டிக்கெட்ட கிழிச்சுக் கைல குடுத்துட்டாரு. 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம்னு படிச்சிருக்கேன், ஆனா அது இங்க இருக்கறவங்களுக்குன்னு ஒரு நினைப்பு. "நாங்க வெளிநாட்டுல இருந்து வந்திருக்கோம் அண்ணாச்சி, எங்களுக்கும் உண்டா?"ன்னு கேட்டேன். "நீங்க எந்த ஊர்ல இருந்தா என்னக்கா, பொம்பளையாளு தான"ன்னு சொல்லிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு. என் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட் காசு வாங்கினாரு.

அதோட விடல அவரு. "முள்ளக்காட்டுல எங்க போறீய?"ன்னு விசாரிச்சு, உப்பளம் பாக்கன்னு சொன்ன உடனே மொகத்துல ஒரு சந்தோஷம். "ஸ்டாப்புல எறங்குனா ரொம்ப நடக்கணும், பெரியாளு வேற இருக்காவ, நான் சொல்லுதேன்"னு முன்னாடி போய் டிரைவர் காதுல ஏதோ சொல்லி, ஸ்டாப்பே இல்லாத எடத்துல, பாத்திக்கு நேரா நிறுத்தி எறக்கி விட்டாங்க. பஸ்ல இருந்த ஒருத்தரும் முணுமுணுக்கல. "அந்தா தெரியுதுல்லா டீக்கடை, அங்கன நில்லுங்க, திரும்பி வரும்போது ஏத்திக்கிடுதேன்"னு சொன்னாரு, சொன்ன மாதிரியே வந்து நின்னு ஏத்திக்கிட்டாரு! சிட்னில பஸ் ஆப்ல பாத்தா எத்தன நிமிஷத்துல வரும்னு காட்டும், அட்டைய தட்டினா ஏறலாம், எல்லாம் சுத்தம்தான். ஆனா ஸ்டாப்ப விட்டு பத்தடி தள்ளி ஓடி வந்து கைய காட்டினாலும் கதவு தொறக்காது, மழைல நின்னு கண்ணு முன்னாடி பஸ் போறத பாத்திருக்கேன். காசே வாங்காத பஸ்ல எங்கள இப்பிடி கவனிச்சாங்க, ரெண்டு மடங்கு வாங்கின கார்ல ஹாரன் அடிச்சாங்க.

உப்பளத்துல ஒரு அக்கா வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கால்ல பழைய சாக்ஸ் போட்டு மேல ரப்பர் பூட்ஸ், தலைல துண்டக் கட்டி மேல தொப்பி. அவங்க கிட்ட கேட்டுட்டுதான் வரப்புல நடந்தோம், நீங்களும் கேக்காம எறங்காதீங்க, அது அவங்க வேலை செய்யற எடம். தண்ணிய தெப்பம்னு சொல்ற பெரிய தேக்கத்துல கட்டி வச்சு வெயில்ல கனக்க விட்டு, அப்புறம் பாத்திக்குப் பாய்ச்சி, உப்பு எறங்கினதும் வாருபலகையால இழுத்து வரப்போரமா ஒதுக்கறாங்க. பாத்தித் தண்ணி மேல காலைல மெல்லிசா பால் ஏடு மாதிரி படிஞ்சு மெதக்குது, அந்தக்கா ஒரு வெரலால தொட்டதும் உடைஞ்சு கீழ எறங்கிருச்சு, பொண்ணு அதையே திருப்பித் திருப்பி தொட்டுக்கிட்டு இருந்தா. பலகைய அவ கைல குடுத்து இழுக்கச் சொன்னாங்க, அசைக்கக் கூட முடியல அவளால, ஈர உப்பு அவ்வளவு கனம். தட்டுமேடுன்னு சொல்ற மேட்டுத் தரைல அம்பாரம் அம்பாரமா குவிச்சு, சிலதுக்கு மேல ஓலை, சிலதுக்கு தார்ப்பாய். கண்ணு கூசுது, கண்ணாடி போட்டுட்டுப் போன எங்களுக்கே தண்ணி கொட்டுச்சு. "எங்களுக்கு பழகிருச்சு, ஆனா சாயங்காலம் கண்ணு எரியும்"னு அந்தக்கா சொல்றாங்க. ஒரு நிழல் கெடையாது, குடிதண்ணி கெடையாது, பொம்பளைங்க ஒதுங்க ஒரு எடம் நாங்க நின்ன பக்கம் கண்ணுல படல. டூரிஸ்ட்டுக்காக கேக்கல நான், வேலை செய்யறவங்களுக்கே இல்லங்கறது என்ன நியாயம்? சிட்னில நாங்க போற பீச்சுல டாய்லெட்டும் குடிதண்ணிக் குழாயும் இருக்கும், நாங்க அங்க போறதே வாரக்கடைசி பொழுதுபோக்குக்கு.

மத்த எடம் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பனிமய மாதா கோவில் 1713ல இருந்து அங்கயே நிக்குது, 1982ல பசிலிக்கா ஆச்சு, நாங்க போனப்ப ஜூலை 26 திருவிழாக் கொடியேத்தத்துக்கு பந்தக்கால் வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, ஸ்கூல் லீவு முடியறதால இருந்து பாக்க முடியல. 2023ல தங்கத் தேர் ஓடினப்பயும் வர முடியல, அது ஒரு பெரிய வருத்தம் எனக்கு. பக்கத்துலயே டச்சுக்காரங்க 1750ல கட்டின சர்ச் இருக்கு, மாதா கோவிலுக்கு வர்றவங்க நிறைய பேர் அத கவனிக்காமயே போயிடறாங்க, அவசியம் போங்க. பழைய துறைமுகத்துல மாலத்தீவுக்கு சாமான் ஏத்துற தோணிய தூரத்துல நின்னு பாத்தோம். 1906ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல வெள்ளைக்காரனுக்கு எதிரா கொழும்புக்கு ஓட்டினது இந்தக் கரைல இருந்துதான்னு பையன் கிட்ட சொன்னேன். "அத எங்க எழுதியிருக்கும்மா?"ன்னு கேக்கறான். நாங்க நின்ன எடத்துல ஒரு போர்டு கூட இல்ல. சிட்னி ஹார்பர்ல நடந்தா பத்தடிக்கு ஒரு பலகைல இங்க எந்தக் கப்பல் வந்துச்சுன்னு போட்டிருப்பான், இங்க அவ்வளவு பெரிய கதைய அம்மா வாயால சொன்னாதான் உண்டு.

ராத்திரி நைட் கிளப் புரோட்டா. இங்க ராத்திரி புரோட்டா கடைக்குதான் நைட் கிளப்னு பேரு, வெளியூர்க்காரங்களுக்கு அது ஒரு அதிர்ச்சி, எங்களுக்கு அது சால்னா வாசம். கல்லு பக்கத்துல நின்னே சாப்பிட்டோம், பிள்ளைங்க சீவலாப் பிச்சுப்போட்ட புரோட்டாவ அடிச்சுக்கிட்டு சாப்பிட்டாங்க, இதப் பத்தி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

போறவங்களுக்கு சொல்றேன், உப்பளம் பாக்கணும்னா மழைக்காலத்துல போகாதீங்க, அக்டோபர்ல இருந்து தண்ணி நின்னு வேலை ஓடாது. டிசம்பர் லீவுல மட்டும்தான் வர முடியும்னா பாத்தி எல்லாம் வெறும் தண்ணியாதான் இருக்கும். கோடைலயும் ஜூலை, ஆகஸ்ட்லயும் போங்க, காலைல 10 மணிக்குள்ள முடிச்சிருங்க, குடிக்க தண்ணி நீங்களே எடுத்துட்டுப் போங்க, பாத்தில வேலை செய்யறவங்களுக்கும் சேத்து ரெண்டு பாட்டில் எடுத்துக்கோங்க. மணப்பாட்டுக்கு திருச்செந்தூர் போய் அங்கருந்து பஸ் மாறினா உங்க இஷ்டத்துக்கு பொழுது எறங்கற வரைக்கும் உக்காந்திருக்கலாம். தூத்துக்குடி இனிப்பு மக்ரூன் வாங்கறவங்க கெளம்புற அன்னிக்கு வாங்குங்க, முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும்தான் அதுல, காத்து பட்டா நமத்துப் போகும், இறுக்கமா மூடற டப்பா ஒன்னு வீட்டுல இருந்தே கொண்டு போங்க. அப்புறம் முட்டை சேத்த பண்டம்ங்கறதால ஆஸ்திரேலியா ஏர்போர்ட்ல குடுக்கற பாசஞ்சர் கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு மறக்காம டிக் பண்ணிருங்க.