தானாகத் திறந்து மூடும் கோழிக்கூட்டுக் கதவு: மூன்று மாரி பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவை நம்பலாம். அதோடு வருகிற வெளிச்ச சென்சரை நம்ப வேண்டாம், திருகோணமலையில் வேண்டவே வேண்டாம். டைமரில் வைத்துவிட்டால் சொன்ன வேலையைச் செய்கிறது. காசுக்குத் தகுந்த பொருளா என்று கேட்டால், பின்னேரம் ஆறரை மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எங்கள் வீடு அலஸ்தோட்டம் பக்கம், கடலுக்குக் கிட்ட. 2022 பொருளாதார நெருக்கடியில் ஊரில் பலரைப் போல நாங்களும் வளவில் ஊர்க்கோழி வளர்க்கத் தொடங்கினோம். முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்களே, அந்த நேரம் எங்கள் பேடுகள் நன்றாக இட்டுக்கொண்டிருந்தன. தீனியிலும் நோயிலும் பெரிய தொல்லை இருக்கவில்லை. தொல்லை பொழுதுபடுகிற நேரத்தில்தான். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. நான் வந்து சேர ஏழு மணி தாண்டுகிற நாட்கள் உண்டு. மாமிக்கு முழங்கால் வலி, மழையில் கூட்டடிக்கு அவரை அனுப்ப முடியாது. மட்டக்களப்பில் ஒரு கலியாணம் என்றாலும் 'கோழியை யார் அடைக்கிறது' என்ற கேள்விதான் முதலில் வரும். மரநாய் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போவதோடு நிற்பதில்லை. உள்ளே புகுந்தால் தின்னாததையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும்.

வாங்கியது இணையத்தில் தருவித்த சீனத் தயாரிப்பு. பெயர் எழுதவில்லை, அதே பெட்டியை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். வரி, தபால் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாவை ஒட்டி வந்தது. ஓர் அலுமினியத் தகடு, இரு பக்கமும் அது ஓடுகிற தவாளிப்பு, மேலே மோட்டாரும் பற்றறியும் உள்ள பெட்டி, அவ்வளவுதான். பற்சக்கரம் தகட்டை ஏற்றி இறக்குகிறது. இன்னொரு வகையில் மோட்டார் நூலைச் சுற்றிக் கதவை மேலே இழுக்கும். இறங்கும்போது கதவு தன் பாரத்தில் இறங்கும். அது மலிவு, பழுது பார்ப்பதும் சுகம். ஆனால் கீழே பூட்டு இல்லாத நூல் கதவின் அடியில் மரநாய் நகத்தைக் கொடுத்தால் கதவு மேலே போய்விடும். பற்சக்கரக் கதவு மோட்டார் சுற்றினால்தான் அசையும். இங்கே கூடுதல் காசு கொடுப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

இனி அந்தச் சென்சர். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 'வெளிச்சத்தில் திற, இருட்டில் மூடு' என்ற நிலையில்தான் வந்தது. கோடையில் ஒரு குறையும் தெரியவில்லை. கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை இறங்கியதும்தான் அதன் புத்தி தெரிந்தது. இங்கே மாரியில் பின்னேரம் நாலரைக்கே வானம் கறுத்து, வீட்டுக்குள் லைட் போடவேண்டி வரும். கதவு அதைப் பொழுதுபட்டதாக எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. கோழிகளுக்கு அது இரவு இல்லை, வெறும் மழை. எல்லாம் மாமரத்தடியில் ஒதுங்கி நின்றன. உண்மையான கருக்கலில் கூட்டுக்குத் திரும்பி வந்தால் வாசலை மறித்துத் தகடு. மாமி யன்னலால் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்: "தம்பி, உங்கட மெசின் கோழியை வெளியில விட்டிட்டுத் தான் மட்டும் படுத்திட்டுது." நேர்மாறாகவும் நடந்தது. பக்கத்து வளவில் புதிதாக ஒரு பெரிய எல்ஈடி லைட் பூட்டினார்கள். அந்த வெளிச்சம் சென்சரில் பட்டு, இருட்டிய பிறகும் கதவு திறந்தபடியே கிடந்தது.

இந்தச் சென்சர் ஏன் இருக்கிறது என்று யோசித்தால் விளங்கும். இந்தக் கதவுகள் முதலில் பரவியது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்னரே சூரியன் மறையும், ஜூனில் இரவு 9 தாண்டும். அங்கே டைமர் மட்டும் என்றால் வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் இருப்பது பூமத்தியரேகையிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே. இங்கே நவம்பர் நடுவில் 5.40 தாண்டிப் பொழுதுபடும், ஜூலையில் 6.30ஐ நெருங்கும். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் முக்கால் மணித்தியாலம்தான். காலையில் அதுவும் இல்லை, 5.45க்கும் 6.25க்கும் நடுவில் விடிந்துவிடும். இதற்கு எதற்குச் சென்சர்?

நான் மாரிக்கு 6.20, கோடைக்கு 7 மணி என்று மூடும் நேரத்தை வைத்திருக்கிறேன், இடையில் ஒருமுறை கொஞ்சம் நகர்த்துவேன். கோழிகள் பொழுதுபட்டு இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குள் குறுக்குத்தடியில் ஏறிவிடும், அதற்குமேல் கண் தெரியாது. அந்த நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டினால் சரி. ஆண்டு முழுக்க 7 மணி என்று விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். விடலாம், ஆனால் நவம்பரில் ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடும், மரநாய்க்கு முக்கால் மணித்தியாலம் வாசலைத் திறந்து கொடுத்த மாதிரி. பெட்டிக்குள் இருக்கும் மணிக்கூடு மாதக்கணக்கில் சில நிமிடங்கள் பிந்துகிறது. பற்றறி மாற்றும்போது நேரத்தையும் சரிபார்த்தால் முடிந்தது.

அடுத்த தொல்லை உமி. கூட்டுக்குள் உமியோ மரத்தூளோ போடுகிற எல்லாருக்கும் இது வரும். கோழி சும்மா இருக்காது, கிளறிக் கிளறி வாசற்படியில் குவித்துவிடும். தகடு இறங்கி உமியில் முட்டியதும், கோழி நசுங்காமல் இருக்க வைத்திருக்கிற பாதுகாப்பு வேலை செய்து கதவைத் திரும்ப ஏற்றிவிடும். என்னுடைய கதவு இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டுத் திறந்தபடியே நின்றுவிடும், ஒரு சிவப்பு லைட் மட்டும் மினுங்கும். எனக்குத் தெரிந்து இந்தக் கதவுகளில் 'வேலை செய்யவில்லை' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான். மோட்டாரில் குற்றம் இல்லை. கதவின் அடி விளிம்பு உமி மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், உள்பக்கம் ஒரு பலகையைக் குறுக்கே அடிக்க வேண்டும். எங்கள் தச்சர் ஒரு பின்னேரத்தில் செய்து தந்தார். அதற்குப் பிறகு உமியால் நின்றது கிடையாது.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகடு அலுமினியம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கூடவே தந்த திருகாணிகள் முதல் ஆண்டிலேயே கறள் பிடித்துத் தலை உடைந்தன. எவர்சில்வர் திருகாணி வாங்கிப் போட்டேன். வயர் நுழைகிற துளையைச் சிலிக்கன் வைத்து அடைத்தேன், இல்லாவிட்டால் சிற்றெறும்பு உள்ளே குடியேறும். பல்லியும் முட்டையிடும். கச்சான் வீசுகிற மாதங்களில் புழுதி தவாளிப்பில் இறுகிவிடும். எண்ணெய் விடாதீர்கள், புழுதி ஒட்டும், தேங்காயெண்ணெய் என்றால் எறும்புக்கு விருந்து. மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும். மண்குளவி ஒன்று தவாளிப்புக்குள் கூடு கட்டிக் கதவைப் பாதியில் நிறுத்திய கதையும் உண்டு. அதை எந்த வடிவமைப்பாளரும் யோசித்திருக்க மாட்டார்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கதவு பற்றறியில் ஓடுவதால் கரண்ட் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருண்டதே, அந்த ஞாயிற்றுக்கிழமையும் கோழி நேரத்துக்குத்தான் அடைந்தது. வீட்டில் எங்களுக்குத்தான் மின்விசிறி இல்லை. சோலர் தகடு வைத்த வகை அழகாக இருக்கும், ஆனால் தொடர்ச்சியாக வெயில் இல்லாத மார்கழியில் அதன் பற்றறி சோர்ந்துவிடும். சாதாரண பற்றறி நாலு போடுகிற வகையே எனக்குப் பிடிக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இறங்குகிறதோ இல்லையோ, மாற்றிவிடுவேன். வைஃபை, போன் ஆப் எல்லாம் வைத்தும் வருகின்றன. வளவின் மூலைவரை சிக்னல் போனால் வாங்குங்கள்.

பற்றறி தீர்ந்தால் கதவு எந்த நிலையில் நிற்கும் என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்து நின்றால் இரவில் ஆபத்து. மூடி நின்றால் பகலில் ஆபத்து, அது இங்கே குறைந்த ஆபத்து இல்லை. வைகாசி, ஆனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடைபட்ட கோழி பத்து மணிக்கே வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். ஆகவே கூட்டுக்குள் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும், இரு பக்கமும் காற்றோட்டமும் வேண்டும்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த நன்மை முட்டையில். முன்பு விடிந்ததும் திறந்துவிடுவோம், பேடுகள் நேரே பற்றைக்குள் போய் இட்டுவிட்டு வரும், நாங்கள் தேடிக்கொண்டு திரிவோம். உடும்பும் சாரையும் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். இப்போது முட்டையிடும் காலத்தில் திறக்கும் நேரத்தை எட்டரைக்குத் தள்ளிவிடுகிறேன். பெரும்பாலான பேடுகள் அதற்குள் கூட்டிலேயே இட்டுவிடுகின்றன. கோடை உச்சத்தில் மட்டும் ஏழு மணி. விடியற் கருக்கலில் திரிகிற மரநாய்க்கும் இதனால் வாய்ப்பில்லை. கீரி பகலில் வருவது, அதற்குக் கதவு மருந்து இல்லை. பாம்புக்கும் இல்லை.

கதவு எண்ணாது, அதுதான் பெரிய குறை. வளர்ந்த பேடுகள் ஒழுங்காக வரும். விடலைகள் வராது, முருங்கையில் ஏறி உட்காரும். குஞ்சோடு திரிகிற தாய்க்கோழி வேலியோரம் எங்கேயாவது இறகை விரித்துப் படுத்துவிடும். புதுக் கோழி வாங்கினால் சில நாள் கூட்டிலேயே அடைத்து வைத்துப் பழக்க வேண்டும். அடைகாத்து முடித்த தாயையும் குஞ்சையும் நான் வேறு கூட்டில் வைக்கிறேன். வீட்டில் யார் முதலில் வருகிறோமோ அவர் ஒரு டோர்ச் அடித்துத் தலையை எண்ணுவது இன்றும் உண்டு. வித்தியாசம், அது ஆறரைக்கு நடக்க வேண்டும் என்று இல்லை, எட்டுக்கும் நடக்கலாம்.

யார் வாங்கலாம்? வளவில் பத்து இருபது கோழியை அவிழ்த்துவிட்டு வளர்த்து, பின்னேரம் வீட்டில் ஆள் நிச்சயமில்லாதவர்கள் வாங்கலாம். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தேவையில்லை, ஒரு கொக்கி போதும். கன்னியாவில் மச்சான் கொட்டிலில் அடைத்து முட்டைக்கோழி வளர்க்கிறார். அவரும் கேட்டார். உள்ளேயே இருக்கிற கோழிக்கு வாசல் எதற்கு என்றேன். அவருடைய கொட்டிலின் அடிப்பலகை உக்கி, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்தக் காசுக்கு அரை அங்குல வலை வாங்கிச் சுற்றிவர அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.