ஆன்லைன்ல எஜுகேஷன் டாக்டரேட் சேரப் போறீங்களா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. போன வாரம் ரீசெஸ்ல கோப்பி குடிச்சிட்டு இருக்கும்போது எங்க ஸ்கூல்ல கூட வேலை பாக்கற ஒரு தங்கச்சி போன நீட்டி, "அக்கா, மூணே வருஷத்துல டாக்டரேட்டாம், வேலைய விட வேணாமாம், சேரலாமா பாருங்கக்கா"ன்னு ஒரு விளம்பரத்த காட்டுனா. நான் சேர்ந்த யூனிவர்சிட்டி இல்ல அது, ஆனா வார்த்த எல்லாம் அதேதான். எனக்கு வயித்த பெசஞ்சிருச்சு, அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எழுத ஆரம்பிச்சிட்டேன்.

நான் சிங்கப்பூர்ல தமிழாசிரியர், 16 வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் வேலை பாத்த மூணு ஸ்கூல்லயும் சீனம், மலாய், தமிழ் எல்லாத்துக்கும் சேத்து தாய்மொழித் துறைக்கு ஒரே எச்ஓடி, அதாவது துறைத் தலைவர்தான், அந்த நாற்காலில ஒரு தமிழ் டீச்சர் உக்காந்து நான் பாத்ததில்ல. அது ஏன்னு முறையா ஆராய்ச்சி பண்ணணும், கல்வித் தலைமைத்துவமும் கொள்கையும் படிக்கணும்னு மனசுல கிடந்துகிட்டே இருந்துச்சு. சின்னவன் அப்ப ஒண்ணாங்கிளாஸ், மாமியாருக்கு டயாலிசிஸ், சாயந்திரம் கிளாசுக்கெல்லாம் போய் உக்கார முடியாது, அதனால அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டியோட முழு ஆன்லைன் ஈடிடி, அதாவது கல்வித் துறைல டாக்டரேட். 2020 ஜனவரில சேர்ந்தேன்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், அது போலி யூனிவர்சிட்டி கிடையாது. அமெரிக்கக் கல்வித் துறையோட அங்கீகாரப் பட்டியல்ல பேரு இருக்கு, நானே தேடிப் பாத்துட்டுதான் சேர்ந்தேன். அங்கதான் ஏமாந்தேன். அங்கீகாரம் இருந்தா மத்ததெல்லாம் சரியாதான் இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

அட்மிஷன்ல பேசுனவர் அவ்ளோ தன்மையா பேசுவார், ராத்திரி 11 மணிக்கு கூட வாட்ஸ்அப்ல பதில் வரும். 54 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 620 அமெரிக்க டாலர், மொத்தம் 33,480, மூணு வருஷத்துல முடிச்சிடலாம் மேடம், கிளாஸ் எல்லாம் உங்களுக்கு வசதியான நேரத்துல பாத்துக்கலாம், அரசாங்கம் படிப்புக்குன்னு குடுக்கற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் கூட யூஸ் பண்ணலாம்னு சொன்னார். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அவங்க லிஸ்ட்ல இருக்கற கோர்சுக்கு மட்டும்தான், இது லிஸ்ட்லயே இல்ல. "வசதியான நேரம்"னு சொன்ன கிளாஸ் நியூயார்க் நேரப்படி வியாழக்கிழம ராத்திரி 7 மணிக்கு, நமக்கு அது வெள்ளிக்கிழம காலைல 7 மணி, குளிர்காலத்துல 8 மணி, அந்த நேரத்துல நான் ஸ்கூல் அசெம்பிளில நிப்பேன். அசைன்மெண்ட் கெடு அவங்களுக்கு ஞாயித்துக்கிழம நடுராத்திரி, நமக்கு திங்கக்கிழம மத்தியானம், ஸ்டாஃப் ரூம்ல ஒரு கைல பிரட்டோட அப்லோட் பண்ணியிருக்கேன். சேர்ந்ததுக்கப்புறம் அவர்கிட்டேந்து பதிலே இல்ல. பின்னாடிதான் தெரிஞ்சுது, அவர் யூனிவர்சிட்டி ஆளே இல்ல, ஆள் சேக்கறதுக்குன்னு யூனிவர்சிட்டி ஒப்பந்தம் போட்டிருக்கற தனியார் கம்பெனியோட ஊழியர். அமெரிக்காவுல இது சகஜமாம், சில ஒப்பந்தத்துல ஃபீஸ்ல பாதி கூட அந்த மாதிரி கம்பெனிக்குப் போகுமாம்.

கோர்ஸ்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், பாலிசி அனாலிசிஸ் பாடம் எடுத்தவங்க அருமையான டீச்சர். 2022 கடைசில அதெல்லாம் முடிஞ்சு டிசர்டேஷனுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, வந்தப்பதான் பிரச்சினையே. அதுக்குன்னு ஒதுக்குன கிரெடிட் தீர்ந்ததும் ஒவ்வொரு டெர்மும் "கண்டினியுவேஷன்"னு மூணு கிரெடிட் பதிவு பண்ணணும், 1,860 டாலர். சேரும்போது இத பத்தி யாரும் வாயத் தொறக்கல, ஹேண்ட்புக்ல எங்கயோ ஒரு வரி இருக்கு. ஒரு டெர்ம் 12 வாரம், அதாவது 84 நாள். ஒரு அத்தியாயம் அனுப்புனா அவங்க படிச்சு பதில் சொல்ல 21 நாள், திருத்தி அனுப்புனா மறுபடி 21 நாள், ரெண்டே தடவ அனுப்புனா பாதி டெர்ம் போச்சு. அவங்க படிக்கறதுக்காக நாம காத்திருக்கற நாளுக்கும் நம்மகிட்டதான் காசு. ஒரு தடவ மூணாவது அத்தியாயம் 38 பக்கம் அனுப்பிட்டு 21வது நாள் மெயில தொறந்தா, மொத்தத்துக்கும் சேத்து நாலே நாலு கமெண்ட், அதுல ரெண்டு கமா எங்க வெக்கணும்னு.

ஆய்வேட்டுக்கு வழிகாட்டற மென்டர் மூணு பேர் மாறுனாங்க. முதல்ல இருந்தவர் வேலைய விட்டுப் போயிட்டார், ரெண்டாவது வந்தவங்க நேர்காணல் எல்லாம் வேணாம், சர்வே எடுங்கன்னு சொல்லி முழு அத்தியாயத்தையும் மாத்த வெச்சாங்க, மூணாவது வந்தவர் ஏன் சர்வே, நேர்காணலே பண்ணுங்கன்னார். எனக்கு அழுகையே வந்துருச்சு. இதுல யாருக்குமே சிங்கப்பூர் பத்தி ஒண்ணும் தெரியல. இங்க அரசாங்க ஸ்கூல்ல ஆராய்ச்சிக்கு டேட்டா எடுக்கணும்னா எம்ஓஇ, அதாவது கல்வி அமைச்சோட அனுமதி வாங்கணும், அந்த மென்டர் "பிரின்சிபாலுக்கு ஒரு மெயில் போடுங்க, போதும்"னு சொல்லிட்டார். அவங்க எதிக்ஸ் போர்டு எழுத்துல அனுமதி கேட்டப்பதான் அவருக்கே விஷயம் புரிஞ்சுது. கடைசில ஸ்கூல விட்டுட்டு டியூஷன் சென்டர் டீச்சர்ஸ வெச்சு பண்ணுங்கன்னு சொல்றார். நான் இந்தப் படிப்புக்கே வந்தது எதுக்காக? அந்த எச்ஓடி நாற்காலிய பத்தி கேக்கறதுக்கு. அது மட்டும் ஆராய்ச்சில இல்ல.

இப்படியே ஏழு டெர்ம், 13,020 டாலர் கூடுதலா. மொத்தம் 46,500 அமெரிக்க டாலர், நம்ம காசுக்கு 62,000 வெள்ளிக்கு மேல, வீட்டுக்காரர் ரெனவேஷனுக்குன்னு சேத்து வெச்சதும் அதுலயே போச்சு. அவர் ஒரு வார்த்த சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுட்டு இருந்தேன். 2023 அக்டோபர்ல அமெரிக்கக் கல்வித் துறை அங்க ஒரு பெரிய யூனிவர்சிட்டிக்கு, நான் படிச்ச எடம் இல்ல அது, 37.7 மில்லியன் டாலர் அபராதம் போட்டுச்சு. டாக்டரேட் படிச்ச 7,500 பேருக்கு மேல செலவ கம்மியா காட்டி சேத்தாங்கன்னு குற்றச்சாட்டு, முடிச்சவங்கள்ல சொன்ன செலவுக்குள்ள முடிச்சவங்க 2 சதவீதம் கூட இல்லையாம், கிட்டத்தட்ட 78 சதவீதம் பேர் இதே கண்டினியுவேஷனுக்கு 10,000லேர்ந்து 12,000 டாலர் வரைக்கும் கூடுதலா கட்டியிருக்காங்கன்னு துறை சொல்லுச்சு. அந்த யூனிவர்சிட்டி அத ஒத்துக்கல, 2025ல அபராதத்தயும் ரத்து பண்ணிட்டாங்க. ஆனா அந்த கணக்க படிச்சப்ப என் பில்ல யாரோ சத்தமா வாசிக்கற மாதிரி இருந்துச்சு.

இங்க புகார் பண்ணலாமான்னு விசாரிச்சேன். இங்க பதிவு பண்ண தனியார் ஸ்கூல்னா தனியார் கல்விக் குழு இருக்கு, ஸ்டாண்டர்ட் காண்ட்ராக்ட், கையெழுத்து போட்டு 7 வேலை நாளுக்குள்ள மனசு மாறுனா விலகிக்கலாம், ஃபீஸ் புரொடெக்‌ஷன் இருக்கு. என்னுது வெளிநாட்டுலேர்ந்து நேரடியா நடத்தற கோர்ஸ், இங்க பதிவே இல்ல, அதனால இது ஒண்ணும் கெடையாது. சின்னத் தொகை வழக்குக்கான ஸ்மால் கிளைம்ஸ் தீர்ப்பாயத்துல 20,000 வெள்ளி வரைக்கும்தான், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000, அதுவும் ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், இங்க ஆபீசே இல்லாதவங்கள எப்படி இழுக்கறது. நான் கையெழுத்து போட்ட பேப்பர்ல வழக்குன்னா அமெரிக்காவுல மத்தியஸ்தம்னு வேற போட்டிருக்கு. படிக்காம கையெழுத்து போட்டது என் தப்பு.

போன வருஷம் விலகிட்டேன். டாக்டரேட்டுக்கு பதிலா "எஜுகேஷன் ஸ்பெஷலிஸ்ட்"னு ஒரு சர்டிபிகேட் தர்றோம்னாங்க, இங்க எச்ஆர்ல கேட்டா அப்படின்னா என்னன்னு என்னயே திருப்பிக் கேட்டாங்க. வெளிநாட்டுப் பட்டத்த அங்கீகரிக்கன்னு சிங்கப்பூர்ல தனியா அமைப்பு எதுவும் இல்ல, ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் வேலை குடுக்கறவங்க முடிவு, அதனால சேர்றதுக்கு முன்னாடியே உங்க எச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டு வெச்சுக்குங்க.

யூனிவர்சிட்டிகிட்டயும் கேளுங்க. இந்த புரோகிராம்ல சேர்ந்தவங்கள்ல எத்தன பேர், எத்தன வருஷத்துல, மொத்தம் எவ்ளோ கட்டி முடிச்சாங்க, கண்டினியுவேஷனுக்கு உச்சவரம்பு உண்டா, மென்டர் போயிட்டா அந்த டெர்ம் ஃபீஸ் யார் தலைல. போன்ல சொல்வாங்க, அது பத்தாது, ஈமெயில்ல வாங்குங்க, அட்மிஷன் ஆள்கிட்ட இல்ல, துறைத் தலைவர்கிட்டேந்து. நம்ம என்ஐஇ, அதாவது தேசியக் கல்விக் கழகத்துலயே ஈடிடி இருக்கு, அலைச்சல்தான், ஆனா இங்க ஒரு ஸ்கூல் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்ச ஆள் எதிர்ல உக்காந்திருப்பார், முதல்ல அங்க போய் ஒரு தடவ பேசிட்டு வாங்க.

அந்த தங்கச்சிகிட்ட என்னோட ஏழு இன்வாய்ஸையும் பிரிண்ட் எடுத்து குடுத்திருக்கேன். வேற யாருக்காவது பாக்கணும்னா மெசேஜ் போடுங்க, நான் கையெழுத்து போட்ட காண்ட்ராக்ட்ல அந்த மத்தியஸ்த வரி எந்தப் பக்கத்துல இருக்குன்னு கோடு போட்டு அனுப்பறேன்.