இன்ஸ்பயர் விருதா, குழந்தைகள் அறிவியல் மாநாடா?

பக்கத்து ஒன்றியத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த அறிவியல் ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் போனில் கேட்டார்: "எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு நான் ஒருத்திதான் சார். பாடம் போக ஆண்டுக்கு ஒரு வேலையைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும். இன்ஸ்பயர் மானக்குக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதா, குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அழைத்துப் போவதா?" ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் சொன்னேன். வைத்த பிறகு அது போதவில்லை என்று தோன்றியது. திருவண்ணாமலைப் பக்கத்து ஏரிக்கரைப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டுக்குமே பிள்ளைகளோடு போய் வந்தவன் நான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாநாடுதான்.

தெரிந்த வேறுபாடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் வளர்ந்தவை. இன்ஸ்பயர் மானக் ஒரு மாணவரின் ஒரு யோசனையைக் கேட்கிறது. பள்ளி ஐந்து யோசனைகள் வரை இணையத்தில் பதிவேற்றலாம், தமிழிலேயே எழுதலாம். தேர்வானால் மாதிரிக் கருவி செய்வதற்காக மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வருகிறது. பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சிகள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருவது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றைச் சில மாதங்கள் ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். முன்பு ஒரு குழுவில் ஐவர், பிறகு இருவர். பள்ளியை விட்டு நின்றுவிட்ட குழந்தையும் சேரலாம். தமிழ்நாட்டில் நீண்ட காலமாக இதை ஒருங்கிணைத்து வந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

இன்ஸ்பயருக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுகிறேன். குழுவில் வாய் திறக்காத, தனியாக உட்கார்ந்து எதையாவது பிரித்துப் பூட்டும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இது சரியான வாசல். கூலி வேலை செய்யும் தாயின் மகள் பெயரில் 10,000 ரூபாய் வருவது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பாஸ்புக்கை அவள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் காட்டிய காலைப் பொழுது எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியருக்கும் வேலை குறைவு. யோசனையைக் கேட்டு, செம்மைப்படுத்தி, பதிவேற்ற இரண்டு மாலைகள் போதும்.

என் தயக்கம் வேறு இடத்தில். கண்காட்சியில் பார்க்கப்படுவது புதுமை, சமூகப் பயன், பயன்படுத்த எளிதா, இருப்பதைவிட மேலானதா என்பவை. ஒரு கண்டுபிடிப்பை அப்படித்தான் பார்க்க வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் மேசைமேல் இருப்பது ஓடிக் காட்டும் மாதிரிக் கருவி. அது ஓடாமல் நின்ற மூன்று வாரங்களுக்கு அங்கே இடமில்லை. அதனால் பிள்ளையும் பெற்றோரும் ஓடுகிற ஒன்றைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். எங்கள் மாணவன் ஒருவனின் அப்பா, நகரத்துக் கடை ஒன்றில் முழுதாகச் செய்து வாங்கி வந்துவிட்டார். பையனுக்கு ஸ்விட்ச் போடத் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று நடுவர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தான். அது அவன் குற்றமில்லை. கடைக்காரரிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை நான்தான் அவனுக்கு முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்க மத்திய அரசு பள்ளிகளில் அமைக்கும் அடல் ஆய்வகத்தையும் சேர்த்துச் சொல்லக் கேட்பார்கள். 2016இல் தொடங்கிய திட்டம், 20 லட்சம் ரூபாய் மானியம், முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுப் பலகைகள். எங்கள் பள்ளியில் அது இல்லை. வேறொரு பள்ளியில் இரண்டு நாள் உடனிருந்து பார்த்ததுதான் என் அனுபவம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஆசையாக இருந்தார்கள் என்பது மட்டும் உண்மை. தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கையில் கொடுக்கிறது. அது வகுப்புக்குத் துணை, இரண்டில் எது என்ற இந்தக் கேள்வியோடு மோதுவதில்லை.

இனி என்னைத் திருப்பிய ஆண்டுக்கு வருகிறேன். 2014, 2015 ஆண்டுகளுக்கு மாநாட்டின் கருப்பொருள் வானிலையும் காலநிலையும். எங்கள் எட்டாம் வகுப்புக் குழு ஒரு பழமொழியைக் கொண்டுவந்தது: "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்." உண்மையா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு விடை தெரியாது. பாடப்புத்தகத்திலும் இல்லை. வேறு தலைப்பு எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, புனல் போலத் தலைகீழாகச் செருகி மழைமானி செய்தார்கள். வளைந்த அடிப்பகுதியில் கூழாங்கல் போட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்யமாக வைத்தார்கள். வானிலைத் துறை மழையைக் காலை 8:30க்கு அளப்பதால் இவர்களும் 8:30. மாலை 5 மணிக்கு ஏரிக்கரையில் ஒரு மீட்டர் உயரத்தில் துணி கட்டிய குச்சியை நட்டு, பத்து நிமிடத்தில் அந்தத் துணிக்குக் கீழே எத்தனை தட்டான் கடக்கிறது என்று எண்ணினார்கள். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் மாவட்ட மாநாடு வந்துவிடும் என்பதால் ஜூலையிலேயே தொடங்கினோம். எங்கள் பக்கம் ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு மழை உண்டு, அது கைகொடுத்தது.

முதல் மாதம் எல்லாம் அழகாக நடந்தது. தட்டான் தாழப் பறந்து மறுநாள் மழைமானியில் தண்ணீர் இருந்தால் சிவப்பு மையில் குறித்தார்கள். பழமொழி ஜெயிக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். பிறகு வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சிக்குப் போனேன். அங்கே கருத்தாளர் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தட்டான் தாழப் பறக்காத நாளில் மழை பெய்ததா?" அந்த நாட்களை நாங்கள் எழுதவே இல்லை.

பதினொரு ஆண்டுகள் அறிவியல் நடத்தியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மறுபக்கம் வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! என் சொந்த ஊர் ஏரிக்கரையில் அதை மறந்திருந்தேன். திரும்பி வந்து நோட்டில் நான்கு கட்டம் போட்டோம்: தாழப் பறந்தது, மழை வந்தது; தாழப் பறந்தது, மழை இல்லை; தாழப் பறக்கவில்லை, மழை வந்தது; தாழப் பறக்கவில்லை, மழையும் இல்லை. அதுவரை எழுதியதில் பாதிக்கு மேல் பயன்படவில்லை. பிள்ளைகள் அழாத குறை. மறுநாள் 8:30க்கு மழைமானி முன்னால் நின்றார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளக்க வேண்டிய பெண் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள். திங்கள் காலை கட்டம் காலியாக இருந்தது. "மழை பெய்திருக்காது, பூஜ்யம் போட்டுவிடு" என்றான் குழுத் தலைவன். அவள் மறுத்தாள். "பார்க்காமல் எப்படிப் பூஜ்யம் போடுவது?" என்று கேட்டு, "அளக்கவில்லை" என்று எழுதினாள். நான் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை.

மாநாட்டை நான் தேர்ந்தெடுப்பதன் காரணம் முழுவதும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. பூஜ்யம் என்பது ஓர் அளவு, காலி என்பது அளவு இல்லாமை. இந்த வேறுபாட்டைப் பாடமாக நடத்தலாம். பிள்ளை உணர வேண்டுமானால் அவளுடைய நோட்டில் அவளால் ஒரு நாள் விடுபட்டிருக்க வேண்டும், அதை மறைக்க வசதியும் இருக்க வேண்டும், மறைக்காமல் இருப்பது அவளுடைய முடிவாகவும் இருக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு மாதம் ஓடும் ஒரு நோட்டு தேவை. மாநாட்டில் அந்தக் குறிப்பேட்டை அறிக்கையோடு சேர்த்துக் காட்ட வேண்டும், நடுவர்கள் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். தோற்ற நாட்களுக்கும் அங்கே பக்கம் உண்டு.

ஆசிரியருக்கும் இதேதான். கோடைப் பயிற்சிகளில் நிறையக் கேட்டிருக்கிறேன், சில உதவியும் இருக்கின்றன. ஆனால் விடை தெரியாத கேள்வியோடு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நான்கு மாதம் நின்றதுபோல எதுவும் என்னை மாற்றவில்லை. இந்தத் தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருத்தி கேட்டாள். தேடிப் படித்தபோதுதான் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற தட்டான் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதுவது தெரிந்தது. மழைக்குப் பின் தேங்கும் குட்டைகளில்தான் அது முட்டையிடுகிறது. அன்று பாடவேளை முடிந்து மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அந்தக் குழு எழுதிய முடிவு: "தாழப் பறந்தால் மழை வரலாம். தப்பாமல் வரும் என்று சொல்ல எங்கள் கணக்கு இடம் தரவில்லை." ஒரு பையனின் தாத்தா இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பழமொழி ஐப்பசித் தட்டானுக்குச் சொன்னது, ஆடித் தட்டானுக்கு இல்லை என்றார். பிள்ளைகள் அதையும் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். மாவட்டத்தைத் தாண்டி எங்கள் அறிக்கை போகவில்லை.

மாநாட்டின் குறைகளும் உண்டு. பணம் வராது. சார்ட், பஸ் டிக்கெட், சாப்பாடு எல்லாம் ஆசிரியர் கையிலிருந்துதான் பெரும்பாலும் போகிறது. காலாண்டுத் தேர்வு குறுக்கே வரும். அறிக்கை எழுதும் கடைசி இரண்டு வாரங்களில் ஆசிரியரே எழுதிவிடும் ஆபத்து இதிலும் இருக்கிறது. கடையில் வாங்கிய மாதிரியைவிட அதைக் கண்டுபிடிப்பது கடினம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நான் முயன்றதில்லை. பொதுத்தேர்வு ஆண்டில் இது எப்படி ஓடும் என்பதற்கு, அதைச் செய்து பார்த்தவர்களைக் கேட்பதே நல்லது. தேதிகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆசிரியைக்கு இப்போது சொல்வது இதுதான். தனியாக எதையாவது செய்துகொண்டிருக்கும் பிள்ளை ஒன்று கண்ணில் பட்டால் அதன் யோசனையை இன்ஸ்பயருக்குப் பதிவேற்றிவிடுங்கள் டீச்சர், இரண்டு மாலைகள்தான். மீதி நேரத்தை மாநாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதமே 200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், தேதிகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், ஞாயிறு உட்பட.

எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஊர்க் கிணறுகள் ஐந்தில் நீர்மட்டத்தைக் கயிறும் கல்லும் கட்டி அளக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை யாருடைய முறை என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.