இன்ஜினியரிங் டிகிரி: 13 வருஷம் கழிச்சு, லோன் முடிஞ்ச கையோட எழுதறேன்

போன மாசம் எஜுகேஷன் லோனோட கடைசி தவணைய கட்டிட்டு நோ டியூ லெட்டர் வாங்கிட்டு வந்தேன். ஸ்டேட்டஸ்ல அத பாத்துட்டு கூட வேலை பாக்கற அக்கா, "பையனுக்கு இன்ஜினியரிங்ல இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைக்கும் போல, தனியார் காலேஜ், லோன் போட்டு படிக்க வெச்சா தகுமாப்பா"னு கேட்டாங்க. அங்க நின்னுட்டு பதில் சொல்ல முடியல.

நான் 2012ல சேந்த பேட்ச், கவுன்சலிங் சீட்டு. முதல் பட்டதாரி சலுகை போக மீதி ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ்னு வருஷத்துக்கு 90,000 லோன், மொத்தம் 3,60,000, வட்டி 12%.

தியரி பெருசா ஒண்ணும் நிக்கல, எக்ஸாமுக்கு முந்தின வாரம் பழைய கொஸ்டின் பேப்பர உருட்டினதுதான். ஆனா லேப் அப்படி இல்ல. மூணு பேருக்கு ஒரு பழைய சிஆர்ஓ (கரண்ட் சிக்னல அலையா காட்டற ஸ்கோப்), ஸ்க்ரீன்ல அலை நிக்காம ஓடிட்டே இருக்கும், ட்ரிகர் நாப்ப கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா ஒரு இடத்துல டக்குனு நிக்கும் பாருங்க, மொத தடவ பாத்தப்போ எனக்கு புல்லரிச்சுடுச்சு. இப்ப ஒரகடத்துல சர்க்யூட் போர்டு டெஸ்டிங்ல இருக்கேன், சப்ளைல ரிப்பிள் (வோல்டேஜ் ஒரே சீரா நிக்காம ஏறி இறங்கறது) வந்து போர்டு ஃபெயில் ஆனா ஸ்கோப்ப வெச்சு எங்கனு தேடிப் பிடிக்கறது எல்லாமே அங்க கத்துக்கிட்டதுதான். எனக்கு சோறு போடறது அந்த லேப்.

இப்ப வயித்தெரிச்சல். படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாம்னு பேங்க்ல சொன்னத அப்பா வட்டியே கிடையாதுனு நெனச்சுட்டாரு, நானும்தான். 2017ல ஸ்டேட்மென்ட் வாங்கினா 5,11,200! அஞ்சு வருஷ வட்டி 1,51,200ஐ அசலோட சேத்துட்டாங்க, அதுக்கப்புறம் வட்டிக்கும் வட்டி. 14,500 சம்பளத்துல 9,000 இஎம்ஐ. கட்டற வட்டிக்கு வருமானவரி சட்டத்துல 80இ பிரிவுல கழிவு உண்டுன்னாங்க, அந்த சம்பளத்துக்கு வரியே கிடையாதே. கொரோனா அப்போ ஆறு மாசம் தள்ளி வெச்சேன், அதுக்கும் வட்டி ஏறுச்சு. எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 8 லட்சம் கட்டியிருக்கேன்.

இதுல என்னால இன்னிக்கும் தாங்கிக்க முடியாதது என்னன்னா, 2009ல இருந்தே மத்திய அரசோட வட்டி மானியம் இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலத்து வட்டி முழுசும் அரசே கட்டிடும். அப்பா தறி ஓட்றவரு, அதுல கால்வாசி கூட வராது. அதுக்கு வேண்டியது தாசில்தார் குடுக்கற வருமானச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப்புக்கு வாங்கினது எங்க பீரோலயே இருந்துச்சு. யாரும் கேக்கல. 2017ல போய் நின்னா, அந்தந்த வருஷமே போர்ட்டல்ல ஏத்தியிருக்கணும், இப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மானு சொல்லிட்டாங்க. மானியம் வந்திருந்தா இஎம்ஐ 6,350தான் வந்திருக்கும். லோன் போட்ட ஆபீசர் நல்ல மனுஷன்தான், ரெண்டு பேங்க்ல அலைக்கழிச்சு வந்த அப்பாவ உக்கார வெச்சு அவரே ஃபார்ம் நிரப்பிக் குடுத்தாரு, அத நான் மறக்கல, ஆனா இந்த ஒரு வார்த்தைய சொல்லியிருக்கலாமே சார்.

அதனால அக்கா, அந்த லேப் மேல எனக்கு எவ்ளோ பாசம் இருந்தாலும், இன்னிக்கு கேட்டா லோன் போட்டு வேண்டாம்னுதான் சொல்வேன். அரசு பாலிடெக்னிக்ல ஃபீஸ் சில ஆயிரம்தான், ப்ளஸ் டூ முடிச்சதால நேரா செகண்ட் இயர், அப்புறம் லேட்டரல் என்ட்ரில நேரா பிஇ செகண்ட் இயர் போகட்டும். அங்கயும் சிஆர்ஓ இருக்கு.

இல்ல இசிஇதான்னு பையன் பிடிவாதமா நின்னா, காலேஜுக்கு நாக் (NAAC) தரச்சான்று, இல்லன்னா கோர்ஸுக்கு என்பிஏ (NBA) தரச்சான்று இருக்கானு பாருங்க, 2018ல இருந்து இதுல ஒண்ணாவது இல்லாம மானியம் கிடையாது. சாங்ஷன் அன்னிக்கே வருமானச் சான்றிதழ குடுத்து ஜெராக்ஸ்ல பேங்க் சீல் வாங்கிடுங்க, வருஷா வருஷம் மானியம் ஏறுச்சானு பாஸ்புக்க போட்டு பாருங்க. தனியா போக தயக்கமா இருந்தா சொல்லுங்கக்கா, லீவ் போட்டுட்டு நானும் வரேன்.