மருத்துவர் நேரிலா, திரையிலா, கருவி வழியாகவா?

இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, அடிக்கடி மருத்துவமனையில் சேர வேண்டிவரும் நோயாளிகளை வீட்டில் வைத்தே தினமும் கண்காணித்தால் பலன் உண்டா? இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் நேர் எதிரான பதில் சொல்லியிருக்கின்றன. 2010-இல் வெளியான டெலி-எச்.எஃப். என்ற அமெரிக்க ஆய்வில் 1,653 பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கண்காணிக்கப்பட்டவர்களுக்கும் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2018-இல் வெளியான டிம்-எச்.எஃப்.2 என்ற ஜெர்மானிய ஆய்வில் 1,571 பேர். எதிர்பாராமல் மருத்துவமனையில் கிடந்ததாலோ இறந்துபோனதாலோ ஓர் ஆண்டில் இழந்த நாட்களை அங்கே எண்ணினார்கள். கண்காணிக்கப்பட்டவர்களுக்குச் சராசரி 17.8 நாள், மற்றவர்களுக்கு 24.2 நாள். இறப்பு விகிதமும் குறைந்திருந்தது.

இரண்டிலும் நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஏற்பாட்டில் இருந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. அமெரிக்க ஆய்வில் நோயாளி தினமும் ஓர் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பதிவு செய்த குரல் கேள்வி கேட்கும், அவர் பொத்தானை அழுத்தி எடை, மூச்சுத்திணறல் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழில் ஒருவர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. ஆறு மாதம் முடியும்போது வாரத்துக்கு மூன்று முறையாவது அழைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல். உடம்பு முடியாதவரிடம் தினமும் ஓர் இயந்திரத்தோடு பேசச் சொன்னால் வேறென்ன நடக்கும்? ஜெர்மனியில் எடை, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு எல்லாம் கருவிகளிலிருந்து நேராகவே மையத்துக்குப் போயின. அங்கே இரவு பகலாக மருத்துவர்களும் செவிலியர்களும் பணியில் இருந்தார்கள். எண் மாறினால் அவர்களே நோயாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், தேவைப்பட்டால் மருந்தை மாற்றினார்கள்.

ஆகவே ‘தொலை மருத்துவம் நல்லதா கெட்டதா’ என்று மொத்தமாகக் கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை. வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறுமுனையில் யார் இருக்கிறார், அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்த்தால்தான் ஒப்பீட்டில் அர்த்தம் இருக்கும்.

நேரில் பார்ப்பதும் வீடியோவில் பார்ப்பதும்

பலரும் முதலில் ஒப்பிடுவது இவை இரண்டையும்தான். நேரில் போனால் மருத்துவரின் கை கிடைக்கும், வீடியோவில் கிடைக்காது. வயிற்று வலியை எடுத்துக்கொள்ளுங்கள். வலது அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சட்டென்று விடும்போது வலி கூடுகிறதா, தசை பலகைபோல் இறுகுகிறதா என்பதை விரல்தான் சொல்லும். குடல்வால் அழற்சியா வெறும் வாயுவா என்ற கேள்விக்குக் கேமரா உதவாது. காதுக்குள் பார்ப்பது, நுரையீரலைக் கேட்பது, கழுத்தில் கட்டியைத் தடவிப் பார்ப்பது எல்லாம் இந்தக் கணக்குதான்.

திரையில் கிடைப்பது எது? குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கவனமான மருத்துவர் சட்டையைத் தூக்கச் சொல்வார். மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிகிறதா என்று பார்ப்பார், ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுவார். ஒரு வயதைத் தாண்டி ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இதற்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம், வெளிச்சம் போதும். ஆனால் அம்மா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால் திரையில் தெரிவது கறுப்பு உருவம் மட்டுமே. வீடியோ ஆலோசனைக்கு உட்காரும் யாரும் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். பல செயலிகள் சொல்லாமல் விடும் பாதி வைத்தியம் இது.

என்னைக் கேட்டால், பிரிவினை இப்படி இருக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த நோய், தெரிந்த மருத்துவர், ரிப்போர்ட் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பது, மனநல ஆலோசனை, அறுவை சிகிச்சைக்குப் பின் காயம் ஆறுவதைப் பார்ப்பது, இதற்கெல்லாம் திரை தாராளமாகப் போதும். புதிதாக வந்த வலி, காரணம் தெரியாத எடை இழப்பு, முதல் முறை பார்க்கும் மருத்துவர் என்றால் கிளம்பிப் போய்விடுவதே நல்லது. நெஞ்சு வலிக்கோ பேச்சுக் குழறலுக்கோ இரண்டுமே வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

பக்கவாதம் இன்னொரு விதத்திலும் இந்த ஒப்பீட்டைக் குழப்புகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றால், உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிறிய மருத்துவமனையில் நரம்பியல் நிபுணர் இருக்க மாட்டார். நோயாளியைப் பெரிய ஊருக்கு அனுப்பினால் நேரம் போய்விடும். அதனால் நிபுணர் வீடியோவில் வருகிறார். சி.டி. ஸ்கேனைத் தன் திரையில் பார்க்கிறார், நோயாளியின் கட்டிலருகே நிற்கும் செவிலியரிடம் “இடது கையைத் தூக்கச் சொல்லுங்கள், பத்து எண்ணும்வரை நிற்கிறதா பாருங்கள்” என்கிறார். ஊசி போடலாமா கூடாதா என்பது அங்கேயே முடிவாகிவிடும். வீட்டிலிருந்து பேசும் வீடியோவில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற இரண்டு கைகள். ‘வீடியோ’ என்று இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

மருத்துவரின் மேஜையும் வீட்டு பி.பி. மெஷினும்

இந்த ஒரு போட்டியில் நான் தயங்காமல் வீட்டின் பக்கம் நிற்பேன். மருத்துவர் அறையில் எடுக்கும் இரத்த அழுத்தம் பலருக்குப் பதற்றத்தால் ஏறியிருக்கும். சிலருக்கு நேர்மாறாக அங்கே நன்றாக இருந்து, வேலையிலும் வீட்டிலும் எகிறும். இரண்டாவது வகைதான் ஆபத்து, யாருக்கும் தெரியாமலே இதயத்தையும் சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருக்கும். அதனால்தான் மருத்துவரிடம் 140/90 என்ற வரம்பு இருக்கும்போது வீட்டு அளவுக்கு 135/85 என்ற சற்றுக் கீழான வரம்பைப் பல வழிகாட்டு நெறிகள் வைக்கின்றன.

ஆனால் எடுக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் மேஜைமேல் கிடக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாக ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஒரு வாரம்வரை எடுத்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். மணிக்கட்டு மெஷின் வசதிதான், ஆனால் மேற்கையில் கட்டுவதே நம்பகமானது.

வீட்டு எண்ணை வைத்து மருத்துவர் மருந்தைக் கூட்டிக் குறைத்தால் என்னாகும் என்று பிரிட்டனில் 1,182 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. ஓராண்டில், வழக்கம்போல் மருத்துவர் அளவை மட்டும் நம்பியவர்களைவிட வீட்டில் அளந்தவர்களுக்கு அழுத்தம் குறைந்திருந்தது. சுவாரசியம் என்னவென்றால், ஒரு குழு எண்களைத் தாளில் எழுதி அனுப்பியது, இன்னொரு குழு போன் வழியாக அனுப்பியது. போன் குழுவுக்கு அழுத்தம் சற்று விரைவாகக் கட்டுக்குள் வந்தது. ஆண்டு முடிவில் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே செயலி இல்லை என்று யாரும் காத்திருக்க வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் இன்றே ஆரம்பிக்கலாம். அதைப் பார்க்க மருத்துவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதயத் துடிப்பைக் கவனிக்கும் ஸ்மார்ட் கடிகாரம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இவற்றுக்கு இதே சான்றிதழை என்னால் தர முடியாது. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம்தான். அவர்களில் பிறகு இ.சி.ஜி. பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களிடம் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறை நடுக்கம் என்ற கோளாறு உறுதியானது 34 சதவீதத்தினருக்கு. அந்தக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால் மீதிப் பேருக்கு எச்சரிக்கை பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எச்சரிக்கை வந்த மறுநிமிடம் கலங்கவும் வேண்டாம். ஆக்சிமீட்டரின் சிக்கல் இதைவிட மோசம். கறுத்த தோலில் அது ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து 2020-இல் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்த நிலை கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கருவி ‘பரவாயில்லை’ என்று சொன்னாலும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

நோயாளியை நகர்த்துவதா, அறிவை நகர்த்துவதா

அதிகம் பேசப்படாத போட்டி இது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி வந்த நோயாளிகள் தன்னைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்தார். வீடியோவில் அவர்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தாலும் அவருடைய நேரம் அதே நேரம்தானே? அதனால் 2003-இல் வேறு மாதிரி செய்தார். சிற்றூர் மருத்துவர்களை வாராவாரம் திரையில் கூட்டி, அவர்களுடைய நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாக விவாதித்தார். சிகிச்சையை அவர்களே கொடுத்தார்கள். 2011-இல் வெளியான ஒப்பீட்டில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், சிற்றூர் மருத்துவர்களிடம் 58.2 சதவீதம். அன்றைய மருந்துகள் இன்டர்ஃபெரான் போன்ற கடுமையானவை, பக்கவிளைவுகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சிகிச்சையிலேயே இந்த முடிவு.

வீடியோ ஆலோசனை ஒரு நிபுணரைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. அரோராவின் முறையோ நிபுணத்துவத்தைப் பெருக்குகிறது. நெடுநாள் நோய்களுக்கு எது வேண்டும் என்றால் நான் இந்த முறையைத்தான் சொல்வேன். பளபளப்பு இல்லாததால் விளம்பரத்துக்கு உதவாது, அதுதான் குறை.

மருத்துவர் கண்ணும் செயற்கை நுண்ணறிவும்

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து, சர்க்கரையால் அது பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று மருத்துவர் இல்லாமலே முடிவு சொல்லும் மென்பொருளுக்கு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் முதல் அனுமதி தந்தது. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு பார்த்தபோது மருத்துவர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, புற்றுநோயைக் கண்டுபிடிப்பதிலும் பின்னடைவு இல்லை. முதலாவதில் கணினி தனியாக நிற்கிறது, இரண்டாவதில் மருத்துவருக்குப் பக்கத்தில் உட்காருகிறது. இன்றைய நிலைக்கு இரண்டாவதே எனக்கு உவப்பு, ஆனால் கண் மருத்துவரே இல்லாத இடத்தில் முதலாவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது.

அப்படிப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தாய்லாந்து சாட்சி. கூகுளின் விழித்திரை மென்பொருளை அங்குள்ள மருத்துவ நிலையங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆய்வகத்தில் அசத்திய மென்பொருள்தான். நிலையங்களிலோ முதல் ஆறு மாதத்தில் வந்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று தள்ளிவிட்டது. சில அறைகளில் விளக்கை முழுதாக அணைத்து இருட்டாக்க முடியவில்லை, படம் மங்கலாக வந்தது. மங்கலான படத்தில் நோய் தெளிவாகத் தெரிந்தாலும், ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும், செவிலியர் தன் கண்ணால் முடிவெடுக்க விதியில் இடமில்லை. நோயாளியை வேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும், அதற்காக இன்னொரு நாள் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். பிறகு ஆய்வுக் குழு விதியை மாற்றியது. தள்ளப்பட்ட படங்களை நோயாளியின் பழைய மருத்துவக் குறிப்புகளோடு சேர்த்து ஒரு கண் மருத்துவர் பார்த்து, போக வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது என ஏற்பாடு ஆனது.